குச்சிக் கிழங்கும் குடியானவர் கல்வியும்

படிப்பு என்ற சொல்லைக் கேட்டவுடன் பலகையும் பலப்பமும் பள்ளிக்கூடத் திண்ணையும் நினைவிற்கு வருவது வழக்கம். ஆயினும் ஒரு நாட்டுப்புறத்தின் வாழ்க்கையையே மாற்றிவிடும் கல்வி சில சமயங்களில் ஒரு கிழங்கின் உருவில் வந்து சேருகிறது. சேலம், நாமக்கல் சமவெளியில் நிகழ்ந்தது அதுவே. இராசிபுரம், நாமகிரிப்பேட்டை, சேந்தமங்கலம், ஆத்தூர் முதலிய ஊர்களின் வழியே செல்வோர் இன்று சாலையின் இருபுறமும் மரவள்ளித் தோட்டங்களையும், வெண்மாவு உலரும் சிமெண்டுக் களங்களையும் காண்பர். 80 ஆண்டுகளுக்கு முன் இக்களங்கள் இல்லை. சோளம், கம்பு, கேழ்வரகு, நிலக்கடலை, ஆமணக்கு ஆகியவையே அன்று மேட்டாங்காட்டுப் பயிர்கள். மாற்றம் எவ்வாறு வந்தது, அதனால் எவர் எதைக் கற்றனர், எவர் இன்னும் கற்க வேண்டியிருக்கிறது என்பவற்றைக் கூட்டுறவுச் சங்க அங்கத்தினர்கள் அறிந்துகொள்வது பயன் தரும்.

மரவள்ளி இந்நாட்டுப் பயிரன்று. அதன் தாயகம் தென் அமெரிக்கா. போர்ச்சுகீசியர் அதை மலையாள நாட்டுக் கரைக்குக் கொண்டு வந்தனர். திருவிதாங்கூரில் 1880 முதல் 1885 வரை ஆண்ட விசாகம் திருநாள் மகாராஜா, அரிசி கிட்டாத ஏழைக் குடிகளுக்கு ஏற்ற உணவென்று கருதி அதன் சாகுபடியை ஊக்கினார். அங்கிருந்து கிழக்கே பரவிய கிழங்கைச் சேலம் பக்கத்தார் குச்சிக் கிழங்கு என்றழைத்தனர். குச்சியை நட்டால் கிழங்கு வருவதால் இப்பெயர் மிகவும் பொருத்தமே. வேகவைத்து உப்பும் மிளகாயும் சேர்த்து உண்பதற்கன்றி வேறெதற்கும் அக்காலத்தில் இங்கு அது பயன்பட்டதில்லை. சந்தையில் கூடையில் வைத்து விற்கும் பண்டம் என்பதே அதன் மதிப்பு.

இரண்டாம் உலக யுத்தம் இதன் கதியை மாற்றிற்று. அதுவரை ஜவ்வரிசியும், நெசவாலைகளில் நூலுக்குக் கஞ்சியிடும் ஸ்டார்ச் மாவும் மலேயா, ஜாவா முதலிய நாடுகளிலிருந்து கப்பலில் வந்தன. அந்நாடுகளில் சேகோ என்னும் ஒருவகைப் பனையின் தண்டிலுள்ள சோற்றிலிருந்தும், மரவள்ளியிலிருந்தும் அவற்றைச் செய்தனர். 1942 பிப்ரவரியில் சிங்கப்பூரும், அடுத்த மாதத்தில் ஜாவாவும் ஜப்பானியர் வசமாயின. கப்பல்கள் நின்றன. ஆலைகளுக்குக் கஞ்சி மாவில்லை, கடைகளுக்கு ஜவ்வரிசியில்லை.

அச்சமயத்தில் சேலத்தைச் சேர்ந்த மாணிக்கம் செட்டியார் என்பவர் மீன் வியாபாரத்தின் பொருட்டு அடிக்கடி மலையாள தேசம் சென்று வந்துகொண்டிருந்தார். அங்கே பினாங்கிலிருந்து வந்திருந்த போபட்லால் ஷா என்பவரைச் சந்தித்தார். மரவள்ளியிலிருந்து மாவெடுக்கும் முறையை ஷா நன்கறிந்தவர். இருவருமாக 1943-ல் சேலத்தில் இத்தொழிலைத் தொடங்கினர் என்று இத்தொழிலின் வரலாறு கூறுகிறது. தொடக்கத்தில் உபயோகித்த கருவிகள் மிகவும் முரடானவை. பின்னர் வெங்கடாசலக் கவுண்டர் என்ற கைதேர்ந்த மெக்கானிக்கின் உதவியால் யந்திரங்கள் திருத்தம் பெற்றன. ஒருவர் சரக்கு வாங்கி விற்கும் வணிகர். ஒருவர் அயல்நாட்டில் தொழில் கண்டவர். ஒருவர் இரும்பையும் சக்கரத்தையும் அறிந்தவர். மூவர் அறிவும் ஓரிடத்தில் கூடியிராவிட்டால் குச்சிக் கிழங்கு இன்னும் கூடையிலேயே இருந்திருக்கும்.

தொழிலின் முறை கேட்பதற்கு எளிது. கிழங்கைக் கழுவித் தோலுரித்து அரைத்தால் பால் வரும். பாலை வடிகட்டித் தொட்டியில் விட்டால் சில மணி நேரத்தில் மாவு அடியில் தங்கும். மேல்நீரை வடித்துவிட வேண்டும். ஈரமாவை உடைத்துச் சாக்குத் துணியில் இட்டுக் குலுக்கினால் மணிமணியாகத் திரளும். அம்மணிகளைச் சலித்து, எண்ணெய் தடவிய சூடான தட்டில் வறுத்துக் களத்தில் உலர்த்தினால் ஜவ்வரிசி. வறுக்காமல் ஈரமாவையே உலர்த்தினால் ஸ்டார்ச். ஆனால் மாவில் எவ்வளவு ஈரம் இருக்கையில் குலுக்கினால் மணி திரளும், தட்டின் சூடு எவ்வளவு இருந்தால் மணி கருகாமல் வேகும் என்பவற்றை எந்தப் புத்தகமும் கற்பித்ததில்லை. கையும் கண்ணுமே அவற்றைக் கற்றன. மானாவாரிக் காட்டில் மழை பெய்தால் வேலை, இல்லையேல் சும்மா என்றிருந்த ஆண்களும் பெண்களும் ஆலைக் களத்தில் நாட்கூலி பெறலாயினர். கோடையில் ஊரை விட்டுப் பிழைப்புத் தேடிச் சென்ற குடும்பங்களுக்குச் சொந்த ஊரிலேயே வேலை கிடைத்தது. முன்னர் மழைக்காக வானத்தைப் பார்த்தவர்கள் இப்போது களத்து மாவு நனையாதிருக்க வேண்டுமே என்று வானத்தைப் பார்த்தனர்.

தொழில் தொடங்கிய மறு ஆண்டிலேயே ஓர் இடையூறு நேர்ந்தது. 1944-ல் எங்கும் உணவுப் பஞ்சம். கிழங்கு மக்கள் உண்ணும் பொருளாதலால், மரவள்ளியில் செய்த சரக்குகளை ஜில்லாவிற்கு வெளியே கொண்டுபோகலாகாது என்று சேலம் கலெக்டர் தடை விதித்தார். கலெக்டரைக் குறை கூறுவதற்கில்லை. வங்காளத்தில் முந்திய ஆண்டில் இலட்சக் கணக்கானோர் பட்டினியால் மாண்டதை யாவரும் அறிவர். எனினும் வெளியூரில் விற்கவே செய்த சரக்கு உள்ளூரில் தேங்கினால் ஆலைக்காரர் நிலை என்னாகும்? தனித்தனியே மனுக் கொடுத்தால் பயனில்லை என்றுணர்ந்த ஆலைக்காரர் ஒரு சங்கமாகச் சேர்ந்து, சிவில் சப்ளைஸ் கமிஷனரிடம் தங்கள் கட்சியை எடுத்துரைத்து, தடையை நீக்கிக்கொண்டனர். மாவெடுக்கக் கற்றபின் இவ்வூரார் கற்ற இரண்டாவது பாடம் இது. ஒரே சந்தையில் ஒருவரோடொருவர் போட்டியிடுவோரும் ஒரு காகிதத்தில் கையெழுத்திட முடியும் என்பதைக் கண்டனர்.

அதன்பின் ஆலைகள் பெருகின. ஜவ்வரிசியை மிகுதியாக உண்போர் தமிழரல்லர். நம்மவர்க்கு அது பாயசத்திற்கும் வடாமிற்கும் மாத்திரம் வேண்டும். மராட்டியம், குஜராத், மத்தியப் பிரதேசம் ஆகிய இடங்களில் ஏகாதசி, நவராத்திரி முதலிய விரத நாட்களில் தானியம் விலக்கி ஜவ்வரிசிக் கிச்சடி உண்பது வழக்கம். இராசிபுரத்துக் களத்தில் உலர்வது எங்கோ நாக்பூரில் ஒரு தாயின் விரதத்திற்கு ஆகாரமாகிறது. இத்தூரமே ஆலைக்காரருக்குத் தொல்லையாகவும் முடிந்தது. வடக்கே எவ்வளவு தேவை, என்ன விலை என்பதை வியாபாரி அறிவான், ஆலைக்காரர் அறியார். சரக்கைக் கிடங்கில் வைத்துக் காத்திருக்க இடமும் பணமும் இல்லாமையால் வியாபாரி சொன்ன விலையே விலையாயிற்று. அவனிடம் முன்பணம் வாங்கியவர்களின் நிலையைக் கூறவே வேண்டியதில்லை.

இந்திய தேசத்தில் 1904-ம் வருஷத்துக் கூட்டுறவுச் சட்டம் கடன் கொடுக்கும் சங்கங்களுக்கு மாத்திரமே இடங் கொடுத்தது. 1912-ம் வருஷத்துச் சட்டமே விற்பனை முதலிய பிற காரியங்களுக்கும் சங்கம் அமைக்க வழி திறந்தது. வழி திறந்து 70 ஆண்டுகள் கழிந்த பின்னரே சேலத்து ஜவ்வரிசி அவ்வழியே சென்றது. சேலம் ஸ்டார்ச், ஜவ்வரிசி உற்பத்தியாளர் சேவைத் தொழிற் கூட்டுறவுச் சங்கம் 1981-ல் பதிவாகி, 1982 பிப்ரவரி முதல் நடைபெறலாயிற்று. சேகோசர்வ் என்ற சுருக்கப் பெயராலேயே அதை யாவரும் அறிவர். அதன் வேலைமுறை ஊன்றிக் கவனிக்கத்தக்கது. ஆலைக்காரர் தம் மூட்டைகளைச் சங்கத்தின் கிடங்கில் சேர்ப்பிக்கிறார். சரக்கின் ஈட்டின்பேரில் முன்பணம் பெறலாம். ஆகவே அவசரப்பட்டு விற்க வேண்டியதில்லை. சரக்கின் மாதிரியை எடுத்துப் பரிசோதிக்கின்றனர். மாதிரிகளைப் பார்வையிடும் வியாபாரிகள் தங்கள் விலையை இரகசிய டெண்டர் மூலம் தெரிவிக்கின்றனர். ஒருவர் குறிப்பிட்ட விலை மற்றவருக்குத் தெரியாது. அவற்றுள் உயர்ந்த விலை ஆலைக்காரருக்கு அறிவிக்கப்படும். அதை ஏற்பதும் மறுப்பதும் அவர் விருப்பம்.

இம்முறையில் மிக முக்கியமான அம்சம் கடைசியிற் கூறியதே. மறுக்கும் உரிமை இல்லாதவன் விற்பவன் அல்லன், கொடுப்பவன். மறுப்பதற்கு மூன்று வசதிகள் வேண்டும்: சரக்கு கெடாமல் இருக்க இடம், காத்திருக்கும் நாட்களுக்குப் பணம், தன் சரக்கின் தரம் இன்னதென்று அறியும் அறிவு. கிடங்கும் முன்பணமும் பரிசோதனைச் சாலையும் இம்மூன்றையும் அளித்தன. மாதிரியைப் பிறர் சரக்கோடு ஒப்பிட்டுப் பார்த்த ஆலைக்காரர், தம் மணி ஏன் குறைந்த விலைக்குப் போகிறதென்று கேட்கத் தொடங்கினர். தரத்தைப் பற்றிய கேள்வி அதன் பின்னரே ஆலைகளுக்குள் நுழைந்தது. எல்லா ஆலைகளும் எல்லாச் சரக்கையும் சங்கத்தின் வழியே விற்கவில்லை. வெளியே நேராக விற்போரும் உண்டு. அவ்வாறு பிரிந்து நிற்பதால் சங்கத்தின் விலை பேசும் வலிமை குறைகிறது என்பது நெடுநாளைய வழக்கு. 2023-ல் சேலம் ஜவ்வரிசிக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது.

ஆனால் கற்றதெல்லாம் நற்கல்வியாகவே அமைந்துவிடுவதில்லை. வாங்குவோர் வெண்மையை விரும்புவதைக் கண்ட சிலர், தோலைச் சரிவர நீக்காது அரைத்துவிட்டு, மங்கிய மாவை இரசாயனங்களால் வெளுக்கக் கற்றனர். வேறு சிலர் விலை மலிவான மக்காச்சோள மாவைக் கலக்கக் கற்றனர். உணவுப் பாதுகாப்பு அதிகாரிகள் இவற்றைப் பற்பல முறை சோதனையில் பிடித்திருக்கின்றனர். பழுப்பேறிய மணியைக் கண்டு முகஞ்சுளிக்கும் வடநாட்டு வியாபாரிக்கும் இதில் பங்குண்டு. ஆயினும் கலப்படத்தால் முதலில் நஷ்டமடைவது கிழங்கு விளைவிக்கும் குடியானவனே. ஒரு மூட்டையில் மக்காச்சோள மாவு கலந்த அளவிற்கு அவன் கிழங்கு விலைபோகாமல் நிற்கிறது.

இங்கேதான் இவ்வரலாற்றின் குறையான பக்கம் தொடங்குகிறது. மாவெடுக்கக் கற்றவர் ஆலைக்காரர். சேர்ந்து விற்கக் கற்றவரும் அவரே. மேலே சொன்ன சங்கம் உற்பத்தியாளர் சங்கம். உற்பத்தியாளர் என்பது அங்கே ஆலையைக் குறிக்கும். கிழங்கை உற்பத்தி செய்பவன் அதில் அங்கத்தினன் அல்லன். ஆலைக்காரருக்கு 1981-க்கு முன் வியாபாரி எந்த நிலையில் இருந்தானோ, குடியானவனுக்கு இன்றும் ஆலையும் தரகரும் ஏறக்குறைய அந்நிலையிலேயே இருக்கின்றனர்.

அவன் நிலை ஒருவகையில் இன்னும் கடினமானது. ஜவ்வரிசி மூட்டை மாதக் கணக்கில் கிடங்கில் கிடக்கும். பிடுங்கிய கிழங்கோ இரண்டு மூன்று நாட்களில் உள்ளே நீலக்கோடு பாய்ந்து கெடத் தொடங்கிவிடும். பத்து மாதம் மண்ணில் காத்த பண்டம் மண்ணை விட்டு வந்தபின் காத்திராது. லாரியில் ஏற்றி ஆலை வாசலில் நிறுத்தியபின் விலை பிடிக்கவில்லையென்று வீட்டிற்குத் திருப்பிக் கொண்டுபோக எவராலும் இயலாது. வெட்டுக்கூலியும் லாரி வாடகையும் முன்னமே செலவாகிவிட்டன. ஆதலின் அவ்வாசலில் சொல்லும் எண்ணே அவ்வருஷத்து வருமானத்தைத் தீர்மானிக்கிறது. அந்த எண்ணிற்குப் பாயிண்ட் என்று பெயர்.

பாயிண்ட் என்பது கிழங்கிலுள்ள மாவின் அளவைக் குறிப்பது. டன் ஒன்றின் விலை என்பது பாயிண்டை ஒரு பாயிண்டின் விலையால் பெருக்கிய தொகை. கணக்கிற்காக, ஒரு பாயிண்டிற்கு 300 ரூபாய் என்று வைத்துக்கொள்ளலாம். 28 பாயிண்ட் உள்ள கிழங்கு டன் 8,400 ரூபாய் பெறும். 25 பாயிண்ட் உள்ளது 7,500 ரூபாயே பெறும். எடைமேடையில் ஒரு மூட்டை குறைந்தால் சண்டைக்கு நிற்கும் குடியானவர் பலர், பாயிண்ட் இரண்டு குறைந்தால் விதியென்று திரும்பிவிடுகின்றனர். எடை கண்ணுக்குத் தெரிகிறது. பாயிண்ட் தெரியவில்லை என்பதே காரணம். ஆனால் அதில் மாயம் ஒன்றுமில்லை.

கிணற்றில் நீர் சேந்துவோர் அறிந்த செய்தி ஒன்றுண்டு. குடம் நீருக்குள் இருக்கும்வரை இலேசாக இருக்கும். நீர்மட்டத்தை விட்டு மேலெழும்பிய கணத்தில் கனக்கும். நீரில் மூழ்கிய எந்தப் பொருளையும் நீர் சிறிது தாங்கிக்கொள்வதே இதற்குக் காரணம். நீரை விடக் கனமான பொருள் எவ்வளவு மிகுதியாக இருக்கிறதோ அவ்வளவிற்கு நீருக்குள்ளும் எடை மிஞ்சி நிற்கும். மாவு நீரை விடக் கனமானது. இல்லையேல் ஆலைத் தொட்டியில் அடியிற் தங்காது. ஆகையால் மாவு மிகுந்த கிழங்கு நீருக்குள் அதிக எடை காட்டும். நீர் மிகுந்த கிழங்கு குறைந்த எடை காட்டும். ஆலையிலுள்ள தராசு செய்வது இவ்வளவே. வெளியில் 5 கிலோ கிழங்கை நிறுத்து, பிறகு அதையே கூடையோடு நீரில் அமிழ்த்தி நிறுத்து, நீரில் மிஞ்சிய எடைக்கு இவ்வளவு பாயிண்ட் என்று அட்டவணையிலோ யந்திரத்தின் முகப்பிலோ காண்பதே முறை.

5 கிலோ கிழங்கு நீருக்குள் ஏறத்தாழ அரைக் கிலோ அளவே எடை காட்டும். இதில் 25 கிராம் மாறினால் பாயிண்ட் ஏறக்குறைய ஒன்று மாறிவிடும். 10 டன் ஏற்றி வந்த லாரிக்கு, மேலே வைத்துக்கொண்ட விலையில், ஒரு பாயிண்ட் என்பது 3,000 ரூபாய். அதாவது 25 கிராம், ஒரு சிறு மிளகாய்ப் பொட்டலத்தின் எடை, ஆலை வாசலில் 3,000 ரூபாய் பெறும். தராசின் முன் நிற்பவன் எதைப் பார்க்க வேண்டும் என்பதை இக்கணக்கே கற்பித்துவிடும்.

முதலாவது பார்க்க வேண்டியது வெறுங்கூடை. கூடையை நீரில் அமிழ்த்திய நிலையில் தராசு பூஜ்யம் காட்ட வேண்டும். அதன்பின் கூடை தொட்டியின் பக்கத்திலோ அடியிலோ படாமல் தொங்குகிறதா, கிழங்கு முழுதும் நீருக்குள் மூழ்கியிருக்கிறதா என்று நோக்க வேண்டும். ஒரு முனை வெளியே நீட்டியிருப்பின் கணக்குப் பிசகும். கிழங்கின்மீது காற்றுக் குமிழிகள் ஒட்டியிருந்தால் அவை கிழங்கை மேலே தூக்கும்; நீரில் எடை குறைந்து பாயிண்டும் குறையும். கூடையை இருமுறை ஆட்டினால் குமிழி போய்விடும். பல லாரிகளுக்கு மாற்றாமல் வைத்த கலங்கிய நீரும் இவ்வாறே பாயிண்டைக் குறைக்கும். சேறு கரைந்த நீர் தெளிந்த நீரைக் காட்டிலும் கிழங்கை மிகுதியாகத் தாங்கும். இவற்றை மரியாதையாகக் கேட்பதில் தவறில்லை. நேர்மையான ஆலைக்காரர் கேள்வியைக் கண்டு கோபிப்பதில்லை.

மாதிரி எடுப்பதும் தராசுக்கு நிகராக முக்கியம். லாரியின் மேற்புறத்திலிருந்து மாத்திரம் எடுக்காமல் நடு, பின்புறம், அடி ஆகியவற்றிலிருந்தும் பருமனும் சிறுமையும் கலந்து எடுப்பதே நியாயம். வெயிலில் வாடிய மேற்கிழங்கும் அடியிற் கிடக்கும் கிழங்கும் ஒரே எண்ணைக் காட்டா. ஆலையார் தங்களுக்கு ஏற்ற கிழங்கைப் பொறுக்கினால் குறை கூறும் குடியானவர், தாமும் நல்ல கிழங்கை மேலே பரப்பி ஏற்றும் வழக்கத்தை விட்டுவிட வேண்டும். இரு பக்கத்திலும் சாமர்த்தியம் நிலவும் வாசலில் எந்தத் தராசும் நம்பிக்கை பெறாது.

பாயிண்ட் வாசலில் பிறப்பதன்று, வயலில் பிறப்பது. முற்றாத கிழங்கில் மாவு குறைவு. வறட்சிக்குப்பின் மழை பெய்து செடி புதிதாகத் தளிர்விட்டால், அத்தளிர் கிழங்கிலுள்ள மாவையே தின்று வளரும். அச்சமயம் பிடுங்கினால் பாயிண்ட் வீழ்ந்திருக்கும். விலை ஏறியிருக்கிறதென்று கேள்விப்பட்டு மழை பெய்த மறுவாரமே வெட்டியவர்கள், விலையில் பெற்றதைப் பாயிண்டில் இழந்து திரும்புவது உண்டு. இதைச் சிலர் அநுபவத்தால் அறிந்துள்ளனர். அநுபவம் ஒருவருக்கொருவர் சொல்லப்படாதவரை ஒவ்வொருவரும் ஒருமுறை நஷ்டப்பட்டே அதைக் கற்க வேண்டியிருக்கிறது.

நடும் குச்சியைப் பற்றியும் இவ்வாறே கூறலாம். இலை சுருங்கி மஞ்சள் திட்டுப் பாயும் தேமல் நோய் வெள்ளை ஈயினால் பரவுவதோடு, நோயுற்ற செடியின் குச்சியின் வழியாகவும் அடுத்த பயிருக்குச் செல்கிறது. திருவனந்தபுரத்திலுள்ள மத்தியக் கிழங்குப் பயிர் ஆராய்ச்சி நிலையம் 1963-ல் ஏற்பட்டது. அங்கிருந்து வந்த எச்-226 போன்ற இரகங்களும், முள்ளுவாடி என்ற இரகமும் இச்சமவெளியில் பெரிதும் பரவின. ஆத்தூர்ப் பக்கத்து ஏத்தாப்பூரிலும் மரவள்ளிக்கும் ஆமணக்குக்குமான ஆராய்ச்சி நிலையம் உண்டு. ஆயினும் எந்த நிலையம் எந்த இரகத்தைத் தந்தாலும், செடி பசுமையாக நிற்கும்போதே நோயற்றவற்றிற்கு அடையாளமிட்டு வைத்து, வெட்டும்போது அவற்றின் குச்சியை மாத்திரம் எடுப்பவனுக்கே பலன். குச்சியாகக் கட்டி நிழலில் நிறுத்தியபின் நோயுள்ளது எது, இல்லாதது எது என்று எவராலும் கண்டுகொள்ள இயலாது.

2020-ம் ஆண்டில் இப்பயிருக்கு ஒரு பெரும் சோதனை வந்தது. மரவள்ளி மாவுப்பூச்சி என்ற புதிய பூச்சி கேரளத்தில் தென்பட்டு, விரைவில் நாமக்கல், சேலம் பகுதிகளிலும் பரவிற்று. செடியின் நுனி முடிச்சிட்டுக் குருத்துச் சுருண்டு வளர்ச்சி நின்றது. மருந்து மேல் மருந்தாகத் தெளித்தவர்கள் பலர். மாவு போர்த்த பூச்சியின்மீது மருந்து எளிதில் படாது. பூச்சியைத் தின்னும் நன்மைப் பூச்சிகளே மருந்தால் முதலில் மடியும். இதே பூச்சி 1970-களில் ஆப்பிரிக்கக் கண்டத்தில் புகுந்து, கிழங்கையே அன்றாட உணவாகக் கொண்ட கோடிக்கணக்கானோரைக் கலங்க வைத்தது. பூச்சியின் தாயகமாகிய தென் அமெரிக்காவில் தேடியபோது, 1981-ல் பராகுவே நாட்டில் அதன் இயற்கைப் பகையான மிகச் சிறிய குளவி ஒன்று கிடைத்தது. ஹான்ஸ் ஹெரன் என்ற சுவிட்சர்லாந்து விஞ்ஞானி அதை ஆப்பிரிக்காவெங்கும் விட்டு அப்பூச்சியை அடக்கினார். அதற்காக 1995-ல் உலக உணவுப் பரிசு பெற்றார். அக்குளவியே மேற்கு ஆப்பிரிக்காவின் பெனின் நாட்டிலிருந்து தருவிக்கப்பட்டு, 2022 மார்ச்சில் ஏத்தாப்பூரில் விடப்பட்டது. இதற்கு முன்னும், பப்பாளி மாவுப்பூச்சி தமிழ்நாட்டுத் தோட்டங்களைச் சூறையாடியபோது, 2010-ல் வேறொரு சிறு குளவியைத் தருவித்தே அதை அடக்கினர்.

குளவி எறும்பினும் சிறியது; மனிதரைக் கொட்டாது. அது மாவுப்பூச்சியின் உடலுக்குள் முட்டையிடும்; குஞ்சு உள்ளிருந்தே பூச்சியைத் தின்று, மரத்துப்போன கூட்டை விட்டு வெளிவரும். அத்தகைய கூடுகள் தோட்டத்தில் காணப்பட்டால் குளவி வந்துவிட்டதென்று பொருள். அங்கே மருந்து தெளிப்பது உதவிக்கு வந்தவனை அடித்துத் துரத்துவதாகும். பக்கத்துத் தோட்டக்காரர் தெளித்தாலும் குளவி மடியும். ஆகவே ஒருவர் மாத்திரம் கற்றுப் பயனில்லை. ஒரு வாய்க்காலின் இருபுறத்தாரும் கற்றால்தான் இக்கல்வி பலிக்கும். ஆலைக்காரர் 1944-ல் கண்ட உண்மையைக் குடியானவர் பூச்சியின் வாயிலாகக் காண நேர்ந்தது விசித்திரமே.

இவை யாவற்றிலும் தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுச் சங்கங்களுக்கு ஒரு வேலை இருக்கிறது. மரவள்ளிக்குப் பயிர்க்கடன் கொடுப்பதோடு அவ்வேலை முடிந்துவிடுவதில்லை. கடன் காலத்தில் கிடையாதவன் தரகரிடம் முன்பணம் வாங்குகிறான். வாங்கியவுடன் அவன் கிழங்கு எந்த வாசலுக்குப் போகும் என்பது தீர்ந்துவிடுகிறது. சிலர் நிற்கும் பயிராகவே வயலோடு விலை பேசிவிடுகின்றனர். பாயிண்ட் உயர்ந்தால் ஆதாயம் தரகருக்கு. கடன் உரிய காலத்தில் கிடைத்தால் வாசலைத் தேர்ந்தெடுக்கும் உரிமையாவது குடியானவன் கையில் நிற்கும்.

அடுத்தது தராசு. 5 கிலோ நிறுக்கும் நல்ல தராசு ஒன்று, கம்பிக் கூடை ஒன்று, தெளிந்த நீர் நிறைந்த தொட்டி ஒன்று, அட்டவணை ஒன்று ஆகியவையே ஒரு சங்கத்திற்கு வேண்டும் சாதனங்கள். உரக் கிடங்கின் ஒரு மூலையில் இவை அடங்கும். வெட்டுவதற்கு இரண்டு நாள் முன்பு தோட்டத்தின் நாலைந்து இடங்களில் செடிகளைப் பிடுங்கிச் சங்கத்தில் சோதித்தால், இப்போது வெட்டலாமா, இன்னும் மூன்று வாரம் பொறுக்கலாமா என்பது தெரிந்துவிடும். மண்ணில் இருக்கும் கிழங்கே காத்திருக்கும் கிழங்காதலால், மறுக்கும் உரிமை குடியானவனுக்கு உண்டென்றால் அது வெட்டுமுன் இருக்கும் அவ்விரண்டு நாட்களில்தான்.

வெட்டிய நாளில் லாரி புறப்படுமுன் மறுபடியும் ஒருமுறை நிறுத்து, தேதி, இரகம், நடவு மாதம், நீரில் கண்ட எடை, பாயிண்ட் ஆகியவற்றை ஒரு சீட்டில் குறித்து, காரியதரிசி கையெழுத்திட்டுக் கொடுக்கலாம். ஆலையில் சொல்லும் எண் அச்சீட்டிலுள்ள எண்ணோடு ஒரு பாயிண்டுக்குள் ஒத்திருந்தால் வீண் சச்சரவில்லை. அதிகம் வேறுபட்டால் கூடையை மீண்டும் அமிழ்த்தச் சொல்லலாம். ஒரு பருவம் முழுவதும் இச்சீட்டுகளின் நகல்களைச் சங்கத்தில் கோத்து வைத்தால், எந்தப் பக்கத்து மண்ணில் எந்த இரகம் எந்த மாதத்தில் எவ்வளவு மாவு தந்தது, எந்த வாசலில் எண் எப்போதும் குறைந்தே வந்தது என்பவை தாமே வெளிப்படும். அக்கோவையைப் படித்துக் காட்ட எழுத்தறிந்த அங்கத்தினர் ஒருவர் போதும். கேட்டுக்கொள்ள மாதக் கூட்டம் இருக்கவே இருக்கிறது.